கோவளத்தின் இழப்பு எந்தக் கணக்கில் வரும்? பொருளாதார மந்தமும் கேரளச் சுற்றுலாவும்

வெளிநாட்டவர் வருகை குறைந்தாலும் உள்நாட்டவர் அந்த இடத்தை நிரப்பிவிடுவார்கள் என்பது மந்தக் காலந்தோறும் சுற்றுலாத் துறைக்குச் சொல்லப்படும் ஆறுதல். 2008-09 உலகப் பொருளாதார மந்தத்தின்போது கேரளத்தில் நடந்ததைத் திருவனந்தபுரத்திலிருந்தும் அதையடுத்த கோவளத்திலிருந்தும் பார்த்தால், இந்த ஆறுதல் மாநிலத்தின் மொத்தக் கணக்குக்கு மட்டுமே பொருந்துகிறது. கடற்கரையை நம்பிப் பிழைப்பவருக்கு அது பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2008 செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் சரிந்தது. நவம்பர் 26 அன்று மும்பைத் தாக்குதல் நடந்தது. இரண்டு அடிகளும் கேரளத்தின் சீசன் தொடங்கும் வேளையில் விழுந்தன. 2008-இல் 5,98,929 ஆக இருந்த வெளிநாட்டுப் பயணியர் எண்ணிக்கை 2009-இல் 5,57,258 ஆக இறங்கியது. ஏறத்தாழ 7 சதவீத வீழ்ச்சி. அதே ஆண்டில் உலகளாவிய பன்னாட்டுப் பயணம் சுமார் 4 சதவீதம்தான் குறைந்தது. இந்தியாவுக்கு வந்தோர் தொகை 52.8 லட்சத்திலிருந்து 51.7 லட்சமாக, 2 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்தது. நாடு பட்ட அடியைப் போல மும்மடங்கு அடியைக் கேரளம் ஏன் பட்டது? இந்தியாவுக்கு வருவோரில் வணிகத்துக்காக வருபவர், உறவினரைக் காண வரும் வம்சாவளியினர், வங்கதேசத்தவர் எனப் பலரும் உண்டு. இவர்களின் பயணம் மந்தத்துக்காக எளிதில் நிற்பதில்லை. கேரளமோ பிரிட்டனையும் மேற்கு ஐரோப்பாவையும், அதிலும் விடுமுறைக்கு வருபவரையும் பெரிதும் சார்ந்திருந்தது. குடும்பச் செலவில் முதலில் வெட்டுப்படுவது விடுமுறைதான்.

ஆனால் 7 சதவீதம் என்ற எண்ணே ஐயத்துக்கு உரியது. மாநிலத்தின் சுற்றுலா வழி வெளிநாட்டுச் செலாவணி வருவாய் 2008-இல் 3,066.52 கோடி ரூபாய், 2009-இல் 2,853.16 கோடி. இவற்றை அந்தந்த ஆண்டின் வருகையால் வகுத்தால் இரண்டு ஆண்டுக்கும் தலைக்கு 51,200 ரூபாய் என ஒரே விடை வருகிறது. உலகமே கையைச் சுருக்கிய ஓர் ஆண்டில் ஒரு பயணியின் சராசரிச் செலவு ரூபாய் அளவில்கூட மாறாமல் இருந்திருக்க முடியாது. நிலையானதொரு சராசரியை வருகை எண்ணிக்கையால் பெருக்கித்தான் வருவாய் கணக்கிடப்பட்டது என்றே கொள்ள வேண்டும். மந்தத்தின் உண்மையான அடி, பதினைந்து நாள் தங்குபவர் எட்டு நாளில் கிளம்புவதிலும், ஆயுர்வேதச் சிகிச்சையைப் பாதியாகக் குறைப்பதிலும், நல்ல அறையை விட்டு மலிவான அறைக்கு மாறுவதிலும் இருக்கிறது. இவை எதுவும் அந்தக் கணக்கில் ஏற வழியே இல்லை.

மொத்த வருவாய்க்கும் இதே கதிதான். அது 13,130 கோடியிலிருந்து 13,231 கோடியாக உயர்ந்ததாகப் பதிவாகியுள்ளது. ஒரு சதவீதத்துக்கும் குறைவான இந்த உயர்வை, இந்தியாவில் நுகர்வோர் விலைவாசி பத்து சதவீதத்துக்கு மேல் ஏறிய அதே ஆண்டோடு சேர்த்துப் படித்தால், அதை வளர்ச்சி என்று எழுத எந்த ஆய்வாளருக்கும் மனம் வராது.

கோவளத்தின் அமைப்பைச் சற்றே நெருங்கிப் பார்க்க வேண்டும். 1970-களில் இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்காகச் சார்லஸ் கொரியா வடிவமைத்த விடுதி ஒருபுறமும், ஹிப்பி இளைஞர்கள் தங்கிய மீனவர் குடியிருப்புகள் மறுபுறமுமாக வளர்ந்த ஊர் இது. பின்னர் பிரிட்டனிலிருந்து வாடகை விமானங்கள் திருவனந்தபுரத்தில் நேரே வந்து இறங்கின. கலங்கரை விளக்கக் கடற்கரையில் மாலை ஆனதும் உணவகங்கள் அன்று வந்த மீனை வாசல் மேசையில் பரப்பி வைக்கும். வந்தவர் மீனைக் காட்டி விலை பேசி உட்காருவார். அந்த மேசைக்குப் பின்னால் விழிஞம் மீனவர், சமையல்காரர், சீசனுக்கு மட்டும் வேலைக்கு எடுக்கப்பட்ட பரிமாறுபவர், உழிச்சல் (எண்ணெய்த் தடவல்) நிலையப் பணிப்பெண்கள், குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்கு விடுபவர், கைவினைக் கடை நடத்தும் காஷ்மீரத்து வணிகர் எனப் பலர் இருக்கிறார்கள். நவம்பர் முதல் மார்ச் வரை ஈட்டுவதில்தான் இவர்களின் ஆண்டு முழுதும் ஓட வேண்டும். பெரிய விடுதிக்கு ஒரு சீசன் நட்டம் ஏட்டில் ஒரு வரி. இவர்களுக்கு அது வட்டிக்கடன்.

உள்நாட்டவர் வருகை 2009-இல் 75.9 லட்சத்திலிருந்து 79.1 லட்சமாகக் கூடியது உண்மை. அவர்கள் எங்கே போனார்கள் என்பதே கேள்வி. அதே ஆண்டு மார்ச்சில் திருவனந்தபுரத்தின் ஆற்றுகால் கோயில் பொங்காலையில் 25 லட்சம் பெண்கள் திரண்டு கின்னஸ் பதிவில் இடம்பெற்றனர். குருவாயூர், சபரிமலை, பத்மநாபசுவாமி கோயில் என்று நீளும் பக்திப் பயணத்துக்கு மந்தம் கிடையாது. நாகர்கோவிலிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வரும் நம் குடும்பங்கள் கோயிலையும் மிருகக்காட்சிச்சாலையையும் பார்த்து, மாலையில் கோவளத்தில் கால் நனைத்து, இரவே கன்னியாகுமரிக்குப் போய்விடுவதுண்டு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பயணம் வாழவைப்பது நகரத்துத் தம்பானூர் உணவகத்தையும் வேன் ஓட்டுநரையும். இரண்டு வாரம் தங்குபவரை நம்பியிருந்த உழிச்சல் நிலையத்தை அல்ல.

விலைக் குறைப்பும் கைகொடுக்கவில்லை. 2008 தொடக்கத்தில் 40 ரூபாய்க்குக் கீழிருந்த டாலர் 2009 மார்ச்சில் 50-ஐத் தாண்டியது. பாடநூல்படி இந்தியா மலிவாகி, பயணியர் பெருகியிருக்க வேண்டும். கேரளத்தின் முதன்மை வாடிக்கையாளரான பிரிட்டிஷ்காரரின் பவுண்டு ரூபாயோடு சேர்ந்து டாலருக்கு எதிராக வீழ்ந்ததால் அவருக்கு அந்த ஆதாயம் கிட்டவில்லை. வேலை போகுமோ என்று அஞ்சுபவரை அறை வாடகைத் தள்ளுபடி கொண்டுவந்து சேர்க்காது. அந்தத் தள்ளுபடியின் சுமையோ கடைசியில் பணியாளர் ஊதியத்தில்தான் இறங்கும்.

இதற்கிடையே அரசே ஒரு தடையை எழுப்பியது. 2009 இறுதியில், பாதுகாப்புக் காரணம் காட்டி, சுற்றுலா விசாவில் வந்து திரும்பியவர் மறுபடி நுழைய இரண்டு மாத இடைவெளி வேண்டும் என்ற விதி வந்தது. இலங்கைக்கோ மாலத்தீவுக்கோ போய்க் கோவளத்துக்குத் திரும்ப நினைத்த நீண்டநாள் பயணிதான் இதில் முதலில் சிக்கினார். போர் முடிந்த இலங்கைக்கு வந்தோர் தொகையோ 2009-இல் 4.48 லட்சமாக இருந்து 2010-இல் 6.54 லட்சமானது. விதி பெருமளவு தளர 2012 இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. மீட்சி தொடங்க வேண்டிய வேளையில் வாசலைச் சாத்தியது பெரும் பிழை.

இலங்கையின் பிற்கால அனுபவம் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது. 2022 நெருக்கடியில் எரிபொருள் இல்லாமல் அந்நாட்டு விமானங்கள் திருவனந்தபுரத்தில் இறங்கி எண்ணெய் நிரப்பிச் சென்றன. அவ்வாண்டு 7.2 லட்சமாக இருந்த பயணியர் வருகை 2024-இல் 20.5 லட்சத்தை எட்டியது. மந்தம் விருந்தோம்பும் நாட்டில் மட்டும் இருந்தால், மின்சாரமும் எரிபொருளும் சீரானதும் பயணி திரும்பிவிடுகிறார். பயணியின் சொந்த நாட்டில் மந்தம் என்றால் நம் விளம்பரத்தால் ஆவது குறைவு. கேரளம் அஞ்ச வேண்டியது இந்த இரண்டாம் வகையை.

பெருந்தொற்றை மந்தத்தோடு ஒப்பிடுவதற்கு எல்லை உண்டு என்றாலும், உள்நாட்டவர் எண்ணிக்கை இழப்பை ஈடுகட்டாது என்பதையே அதன் பிந்தைய எண்களும் காட்டுகின்றன. 2022-இல் உள்நாட்டவர் வருகை 1.88 கோடி, 2019-இன் 1.84 கோடியை அது தாண்டிவிட்டது. மொத்த வருவாய் மட்டும் 2019-இன் சுமார் 45,000 கோடியிலிருந்து இறங்கி 35,000 கோடி அளவில் நின்றது. தலைகள் திரும்பின, பணம் திரும்பவில்லை.

செய்யக்கூடியதற்கு முன்மாதிரி கேரளத்திலேயே உண்டு. பொறுப்புச் சுற்றுலாத் திட்டம் 2008-இல் கோவளம், குமரகம், தேக்கடி, வயநாடு ஆகிய நான்கு இடங்களில் தொடங்கியது. குமரகத்தில் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் விளைவித்த காய்கறியை விடுதிகள் வாங்கின. அந்தப் பெண்களுக்கு நிலமும் உள்ளூர்ச் சந்தையும் இருந்ததால் விடுதி வாங்காத நாளிலும் விளைச்சல் வீணாகாது. கோவளத்தில் அத்தகைய இரண்டாம் வாழ்வாதாரம் வேரூன்றவில்லை.

ஆகவே மாநிலச் சுற்றுலாத் துறையிடம் கேட்க வேண்டியவை இரண்டு. தங்கும் நாளையும் செலவையும் ஆண்டுதோறும் மாவட்டவாரியாக நேரடியாக அளந்து வெளியிட வேண்டும். சராசரியைப் பெருக்கிக் காட்டும் வழக்கம் போதாது. அடுத்த மந்தம் வரும்போது வழங்கப்படும் உதவி, விடுதிக் கடன் தள்ளிவைப்போடு நில்லாமல், சீசன் தொழிலாளியின் பெயரில் பதிவாகி, அவர் வங்கிக் கணக்குக்கே போய்ச் சேர வேண்டும். அந்தப் பதிவேட்டை நெருக்கடிக்கு முன்பே, சீசன் நன்றாக ஓடும் ஒரு டிசம்பரிலேயே தொடங்க வேண்டும்.