மரபணு ஆலோசகர் பயிற்சி: தகுதித் தரநிலைகள் கூறுவது என்ன?

மரபுவழி நோய்களுக்கான பரிசோதனைகள் நாடெங்கும் பரவலாகி வரும் நிலையில், அவற்றின் முடிவுகளைக் குடும்பத்தினருக்கு விளக்கும் மரபணு ஆலோசகர்களின் பயிற்சித் தரம் முக்கியத்துவம் பெற்றுள்ளது.

மத்தியப் பிரதேச மாநிலம் ஷாதோலில் 2023 ஜூலை 1 அன்று பிரதமர் நரேந்திர மோடி தொடங்கிவைத்த தேசிய அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்பு இயக்கம், 40 வயது வரையிலான 7 கோடி பேரைப் பரிசோதிக்க இலக்கு நிர்ணயித்தது. பரிசோதனையுடன் ஆலோசனை வழங்குவதும் இதன் நோக்கமாகும்.

விளக்கம் ஏன் அவசியம்?

அரிவாள் செல் மரபணுவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவர் நோயாளி அல்லர். அவர் அதைச் சுமப்பவர் மட்டுமே. கணவன், மனைவி இருவரும் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கருவுறுதலிலும் குழந்தைக்கு நோய் ஏற்படும் வாய்ப்பு 25 சதவீதம். முதல் குழந்தைக்கு நோய் இருப்பதால் அடுத்த குழந்தைகள் தப்பிவிடும் என்று பொருளாகாது. ஒருவர் பீட்டா தலசீமியா மரபணுவைச் சுமப்பவராக இருந்தாலும் குழந்தைக்குப் பாதிப்பு நேரலாம். இந்த வேறுபாடுகள் சரிவர விளக்கப்படாவிட்டால், சுமப்பவர்கள் நோயாளிகளாகக் கருதப்பட்டு, திருமணப் பேச்சுகளில் ஒதுக்கப்படும் அபாயம் உள்ளது.

நான்கு பிரிவுகள்

இத்துறையின் முதல் முதுநிலைப் படிப்பு, அமெரிக்காவின் சாரா லாரன்ஸ் கல்லூரியில் 1969-இல் தொடங்கப்பட்டது. ஆலோசகர்களுக்கான திறன்கள் அந்நாட்டில் 1996-இல் முறையாக வரையறுக்கப்பட்டன. பின்னர் 2015-இல் திருத்தப்பட்ட பட்டியல், 22 திறன்களை நான்கு பிரிவுகளில் வகுத்தது. மரபியல் அறிவும் பகுப்பாய்வும், உளவியல் சார்ந்த ஆலோசனைத் திறன், கற்பித்தல், தொழில்நெறி ஆகியவையே அவை. மூன்று தலைமுறைக் குடும்ப வரலாற்றைத் தொகுத்தல், நோய் வாய்ப்பைக் கணக்கிடுதல், ரகசியம் காத்தல், முடிவைத் திணிக்காமல் குடும்பத்தினரே தீர்மானிக்கத் துணைநிற்றல் போன்றவை பயிற்சியில் இடம்பெறுகின்றன.

இந்தியச் சூழல்

இந்தியாவில் பணியாற்றும் ஆலோசகர்கள் இங்குள்ள சட்டங்களையும் அறிந்திருக்க வேண்டும். 1994-ஆம் ஆண்டின் கருவின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி, மரபணு ஆலோசனை மையங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். கருவின் பாலினத்தைத் தெரிவிப்பது குற்றமாகும். அரிவாள் செல் பாதிப்பு பழங்குடியினரிடையே அதிகம் காணப்படுவதால், அவர்களுடைய மொழியிலேயே விளக்கும் திறனும் இங்கு இன்றியமையாதது. எனவே, எழுத்துத் தேர்வுடன் நில்லாமல், அனுபவமிக்கவர்களின் மேற்பார்வையில் குடும்பங்களைச் சந்தித்துப் பெறும் பயிற்சியும் அவசியமாகிறது.