நுரையீரலோடு நிற்காத புகை

தில்லிக்குக் குடிவந்த நம்மவர்களுக்கு நவம்பர் என்றாலே இருமல் மாதம்தான். தீபாவளி முடிந்த கையோடு தொண்டைக் கரகரப்பு, கண் எரிச்சல், வீட்டுக்கு ஒரு நெபுலைசர். புகை என்றால் அது நுரையீரல் சமாச்சாரம், மிஞ்சிப்போனால் இதயம் என்பதுதான் நம் கணக்கு. மருத்துவ உலகமும் வெகுகாலம் ஏறக்குறைய இதே கணக்கில்தான் இருந்தது. அது மாறிய வரலாறு கொஞ்சம் சுவாரசியமானது.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை நிலக்கரிப் புகை மூடியது. அன்றைய அரசுக் கணக்குப்படி சுமார் 4,000 பேர் இறந்தார்கள். பிற்கால மதிப்பீடு ஒன்று 12,000 என்கிறது. 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அப்போது பேச்செல்லாம் மூச்சுக்குழாயையும் இதயத்தையும் சுற்றித்தான்.

மூளையின் பக்கம் பார்வையைத் திருப்பியவர்களில் முக்கியமானவர் மெக்சிகோவின் லிலியன் கால்டெரோன் கார்சிதுவேனியாஸ். புகை மண்டிய மெக்சிகோ நகரத்து நாய்களின் மூளையையும், காற்று நன்றாக இருந்த திலாஸ்கலா பகுதி நாய்களின் மூளையையும் இவரது குழு ஒப்பிட்டது. 2002-ல் முடிவு வெளியானது: நகரத்து நாய்களின் மூளையில் அழற்சி. அல்சைமர் நோயாளிகளிடம் காணப்படும் அமிலாய்டு படிவுகளும் இளவயதிலேயே இருந்தன. 2004-ல், இறந்த மனிதர்களின் மூளையைப் பரிசோதித்தபோதும் இதே போக்கு தெரிந்தது.

புகை மூளைக்கு எப்படிப் போகிறது? பி.எம். 2.5 என்கிற துகள் நம் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. அதிலும் மிக நுண்ணியவை மூக்கின் வாசனை நரம்பு வழியாகவே மேலேறக்கூடும். இன்னொரு வழி ரத்தம். நுரையீரலில் கிளம்பும் அழற்சிச் செய்திகள் ரத்தத்தில் கலந்து மூளையின் காவல் செல்களை உசுப்பிவிடுகின்றன. காவல்காரன் நாள்தோறும் கம்பைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் வீட்டுச் சாமான்தானே உடையும்?

அதே அழற்சி சர்க்கரையிலும் கைவைக்கிறது. 2009-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை. கொழுப்பு மிகுந்த ஒரே தீனியை எல்லா எலிகளுக்கும் கொடுத்து, ஒரு கூட்டத்துக்கு வடிகட்டிய காற்று, இன்னொரு கூட்டத்துக்குத் துகள் நிறைந்த காற்று என்று நான்கு மாதத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். துகளைச் சுவாசித்த எலிகளுக்கு வயிற்றுக் கொழுப்பில் அழற்சி கூடியது, இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை. தீனி ஒன்றுதான், வித்தியாசம் காற்றில்.

எலிக்கு சரி, நமக்கு? 2023-ல் வெளியான ஆய்வு நமக்கென்றே செய்தது மாதிரி இருக்கிறது. தில்லியிலும் சென்னையிலுமாக 12,000-க்கும் மேற்பட்டவர்களை 2010 முதல் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஆண்டுச் சராசரி பி.எம். 2.5 ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால், புதிதாகச் சர்க்கரை வியாதி வரும் அபாயம் 22 சதவீதம் கூடியது. காற்று மட்டுமே காரணம் என்று இது தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் அரிசியையும் பரம்பரையையும் மட்டும் திட்டிக்கொண்டிருந்த நமக்கு இது புதுச் செய்தி. 'சென்னையில் கடல்காற்று இருக்கிறதே' என்று முழுசாக நிம்மதியடையவும் வழியில்லை.

நம் நாட்டின் ஆண்டு வரம்பு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 5. தில்லி பல ஆண்டுகளாக 40-ஐயே இரண்டு மடங்குக்கும் மேல் தாண்டி நிற்கிறது.

ஒன்றும் செய்ய முடியாது என்பதில்லை. உச்ச நீதிமன்றம் 1998-ல் உத்தரவிட்டு, 2002 இறுதிக்குள் தில்லியின் பேருந்துகள் சி.என்.ஜி.க்கு மாறின. முடியவே முடியாது என்று அப்போதும் சொன்னவர்கள் உண்டு.

அதுவரை நம் கையில் இருப்பது சின்னச் சின்னக் காரியங்கள்தான். ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைப்பதென்றால் நவம்பர், டிசம்பரைத் தவிர்த்து பிப்ரவரிக்கு மேல் டிக்கெட் போடுங்கள். பனிமூட்டத்தில் காலை நடை வேண்டாம் என்று சொல்லுங்கள். சர்க்கரைக்காகத்தான் நடக்கிறேன் என்பார்கள். அந்த மாதங்களில் வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும்.