இரட்டை வேலை பார்க்கும் ஆக்ஸில்

மோட்டார் வண்டி பிறந்த காலத்தில் முன் சக்கரத்துக்கு ஒரே வேலைதான்: திரும்புவது. தள்ளுகிற வேலை பின் ஆக்ஸிலுக்கு. முன் சக்கரத்தையும் இழுக்க வைத்துவிட்டால் வண்டி சேற்றிலும் மேட்டிலும் நிற்காது என்று அப்போதே பலருக்குத் தெரியும். ஆனால் இடமும் வலமும் ஒடிகிற சக்கரத்துக்கு எஞ்சினின் சக்தியை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? பட்டறைக்கு வரும் ஜீப், பிக்கப் வண்டிகளின் முன் ஆக்ஸில் சத்தங்களில் பாதி இந்தப் பழைய கேள்வியிலிருந்து பிறந்தவை. சத்தத்தைத் தேடப் போகிறவன் அதன் வரலாற்றையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கிளின்டன்வில் என்ற சிற்றூரில் பட்டறை வைத்திருந்த ஓட்டோ ஸாக்கோவும் அவர் மைத்துனர் வில்லியம் பெசர்டிக்கும் ஒரு வழி கண்டு 1908-இல் காப்புரிமை வாங்கினார்கள். சக்கரம் ஒடிகிற இடத்தில் ஓர் உருண்டைக் கூடு. அதற்குள் வளைந்தபடியே சுழலும் ஓர் இணைப்பு. அவர்களுடைய எஃப்.டபிள்யூ.டி. லாரிகள் முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கில் ஓடின. பழைய ஜீப்பின் முன் சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள், அதே மாதிரி உருண்டை கிரீஸ் பூசிக்கொண்டு நிற்கும்.

சிக்கல் அந்த இணைப்பில்தான். நாங்கள் கிராஸ் என்று சொல்லும் கூட்டல்குறி வடிவ இணைப்பு பல நூற்றாண்டுப் பழையது. இத்தாலியின் கார்டானோ பெயரும் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் பெயரும் அதற்கு உண்டு. நேராக இருக்கும்வரை அது சாது. 30 பாகை வளைத்தால் குணம் மாறிவிடும். உள்ளே வரும் தண்டு ஒரே சீராகச் சுழன்றாலும், வெளியே போகும் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை 13 சதவீதம் மெதுவாகும், இரண்டு முறை 15 சதவீதம் வேகமெடுக்கும். நான்கு சக்கரமும் இழுக்கும்போது ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் கையில் ஒரு துடிப்பு தெரிகிறதே, அது இதுதான். தேய்மானம் அல்ல, வடிவத்தின் கணக்கு. எத்தனை புதுக் கிராஸ் போட்டாலும் போகாது. இது தெரியாமல், நன்றாக இருக்கும் கிராஸைக் கழற்றிப் புதியது போட்டுக் காசு வாங்குவதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

இந்தத் துடிப்பைப் போக்க 1920-களில் பல பேர் முயன்றார்கள். அமெரிக்காவில் கார்ல் வெய்ஸ் நான்கு இரும்புக் குண்டுகளைப் பள்ளங்களில் ஓடவிட்டார். பிரான்ஸில் ஃபெனாயும் கிரெகுவாரும் குண்டே இல்லாத டிராக்டா இணைப்பைக் கொண்டுவந்தார்கள். ஃபோர்டு பொறியாளர் ஆல்ஃபிரட் ரெஸெப்பா ஆறு குண்டுகளை ஒரு கூண்டில் அடைத்தார். 1941-இல் ராணுவ ஜீப் பெரிய அளவில் வரத் தொடங்கி, போர் முடிவதற்குள் ஆறு லட்சத்தைத் தாண்டியது. அத்தனைக்கும் ஒரே வகை இணைப்பு கிடைக்கவில்லை. வெய்ஸ், ரெஸெப்பா, டிராக்டா, ஸ்பைசர் நிறுவனத்தின் இணைப்பு என்று நான்கு வகையும் ஒரே மாடல் ஜீப்புகளின் உருண்டைகளுக்குள் போயின.

காது பழகியவனுக்கு இந்த வேறுபாடு பொன். வெய்ஸின் நான்கு குண்டில் இரண்டு முன்னோக்கிய ஓட்டத்தில் பாரம் தாங்கும், மற்ற இரண்டு ரிவர்ஸில். ஆகவே முன்னே போகையில் அரைத்து, ரிவர்ஸில் அடங்கினால் முதல் ஜோடியின் வழி தேய்ந்திருக்கிறது என்று பிரிக்காமலே சொல்லலாம். ரெஸெப்பாவில் ஆறும் இரு திசையிலும் உழைக்கும். அது தேய்ந்தால் நேர் சாலையில் வாயே திறக்காது; வளைவில் மட்டும் சக்கரச் சுற்றுக்கு ஏற்ப டக், டக் என்று அடிக்கும். இன்றைய கார்களின் முன் சக்கரத்தில் இருப்பது பெரும்பாலும் ரெஸெப்பாவின் வழிவந்ததே. அதனால் இந்த டக் டக் இன்னும் நூறு ஊர்ப் பட்டறைகளில் கேட்கிறது.

போருக்குப் பின் ஏலத்துக்கு வந்த ஜீப்புகளைச் சாலையில் சிக்கனமாக ஓட்ட, 1948-இல் சியாட்டில் பக்கம் ஆர்தர் வார்ன் லாக்கிங் ஹப் செய்தார். சக்கரத்தை உள் தண்டிலிருந்து பிரித்துவிடும் சின்னக் கருவி. எரிபொருளை மிச்சப்படுத்த வந்தது, மெக்கானிக்குக்குத்தான் பெரிய உதவியாக அமைந்தது. ஹப்பைத் திறந்துவிட்டு ஓட்டினால் தண்டு, கிரவுன் பினியன், முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் எல்லாம் அசையாமல் கிடக்கும். அப்போதும் சத்தம் வந்தால் பேரிங், டயர், பிரேக் மூன்றில் ஒன்று. ஹப்பைப் பூட்டி, லிவரை இரண்டு சக்கர ஓட்டத்திலேயே வைத்து ஓட்டினால் உள்ளே எல்லாம் பாரமில்லாமல் சுழலும். பிறகு மண்ணில் லிவரையும் போட்டு இழுக்கவிட வேண்டும். எந்தக் கட்டத்தில் சத்தம் தலைகாட்டுகிறதோ அங்கே குற்றவாளி.

1940-களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் பாகங்களை வரவழைத்து மும்பையில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியது. அமெரிக்காவில் 1968-இல் நின்றுபோன சி.ஜே.3பி என்ற வில்லிஸ் மாடல் இங்கே அதன்பின்னும் பல பத்தாண்டு ஓடியது. நான் தொழில் பழகிய போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே பூப்பாறை, சாந்தன்பாறை ஏலக்காய்த் தோட்டங்கள். விடியுமுன் கூலிக்குப் போகும் பெண்களோடு கிளம்பும் ஜீப்புகளுக்குத் தோட்டத்துக்குள் தார் கிடையாது. முன் ஆக்ஸில் அங்கே உழைத்தே ஆக வேண்டும்.

எங்கள் மேஸ்திரி காலத்தில் லாக்கிங் ஹப் வைத்த வண்டி அபூர்வம். அவர் சக்கரத்து டிரைவ் பிளாஞ்சுகளைக் கழற்றி, தகரமூடி போட்டு அடைத்து ஓட்டிப் பார்ப்பார். வார்ன் செய்ததன் பலன் ஸ்பானர் செலவில் கிடைத்துவிடும். ஆனால் ஸ்பானரைத் தொடுமுன் கேள்விதான்.

"அண்ணே, முன்னாடி ஏதோ கத்துது."

"ஏறும்போதா, இறங்கும்போதா? ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்தா நிக்குதா? தோட்டத்த விட்டு தார் ரோட்டுக்கு வந்ததும் லிவர எடுத்தியா?"

கடைசிக் கேள்வியிலேயே பல வழக்குகள் முடிந்துவிடும். நான்கு சக்கர லிவர் போட்டபடி காய்ந்த தார்ச்சாலையில் வளைந்தால் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டும். அந்த வித்தியாசத்தைத் தீர்க்க நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. ஆக்ஸில் முறுக்கிக்கொண்டு அலறும். பழுதே அல்ல. காலை எடுத்ததும் ஊளை மாறினால் கிரவுன் பினியன் பக்கம் பார்ப்பார். வேகத்தோடு கூடும் ரீங்காரம் இடது வளைவில் உயர்ந்தால் வலது பேரிங். பாரம் அந்தப் பக்கம் சாய்வதுதான் காரணம்.

ஜாக்கி வைத்துச் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், என்னை உள்ளே ஏறிப் பிரேக்கை அழுத்தச் சொல்வார். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். ஒரு ரூபாய் செலவில்லாத இந்தச் சோதனையை இன்றுவரை எந்த ஸ்கேனரும் எனக்குத் தேவையற்றதாக்கவில்லை.

இப்போதைய பிக்கப்களில் பேரிங் மூடிய ஒரே கட்டியாக வருகிறது. இறுக்கிச் சரிசெய்ய இடமே இல்லை, மாற்றத்தான் வேண்டும். 2000-க்குப் பிறகு வந்த சில அமெரிக்க பிக்கப்களில் வார்னின் ஹப்பே உருமாறி நிற்கிறது. கையால் திருகுவதற்குப் பதில் எஞ்சினின் வேக்குவம் அதைத் திறந்து பிடித்துக்கொள்கிறது. குழாயில் ஊசித்துளை விழுந்தாலும் பிடி தளர்ந்து, பற்கள் பாதி தொட்டும் தொடாமலும் சக்கரத்தில் கரகரவென்று அரைக்கும். கேட்டால் ஆக்ஸிலே போய்விட்டது போலிருக்கும். நான்கு சக்கர ஓட்டத்துக்கு மாற்றிப் பாருங்கள்: பற்கள் முழுதாகப் பூட்டிக்கொண்டு அரைப்பு நின்றால், முதலில் வேக்குவம் குழாய்களையும் வால்வையும் சோதியுங்கள். பற்கள் அதற்குள் மழுங்கிப்போகாமல் இருந்தால் ஒரு ரப்பர்க் குழாயோடு செலவு முடிந்துவிடும்.