கால்-கை வலிப்பும் இங்கிலாந்தின் குற்றவியல் சட்டமும்

கால்-கை வலிப்பு என்பது மூளை நரம்பணுக்களில் திடீரென ஏற்படும் மிகையான மின்செயற்பாட்டால் வரும் நோயாகும். இது மனநோய் அன்று. எனினும் இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் இதைச் சித்தசுவாதீனமின்மையோடு சேர்த்தே பார்த்தன. இதனால் குற்ற எண்ணம் சிறிதும் இல்லாத நோயாளிகளும் குற்றவாளி, பைத்தியம் என்ற இரு பெயர்களுள் ஒன்றை ஏற்க வேண்டியிருந்தது.

நோயின் தோற்றமும் காவல்துறையும்

வலிப்பு என்றாலே கீழே விழுந்து, நுரை தள்ளி, கை கால்களை உதறுவது என்று பலர் எண்ணுகின்றனர். மூளையின் ஒரு பகுதியில் மட்டும் தொடங்கும் வலிப்பு அவ்வாறு இருப்பதில்லை. நோயாளி நினைவு தடுமாறி இலக்கின்றி நடக்கலாம், உடையைப் பிசையலாம், கேள்விக்கு விடை தராமல் நிற்கலாம். வலிப்பு நின்ற பின்னும் குழப்பம் சிறிது நேரம் நீடிப்பதுண்டு. பார்ப்பவர்களுக்கு அவர் குடிபோதையில் இருப்பதாகத் தோன்றும். அந்நேரத்தில் காவலர் கையைப் பிடித்து இழுத்தால் அவர் தன்னை அறியாமல் திமிறுவார். அது காவலரைத் தாக்கியதாகக் கொள்ளப்படலாம். நடந்தது பின்னர் அவருக்கு நினைவிராததால், அவருடைய விளக்கமும் எளிதில் நம்பப்படுவதில்லை.

மக்நாட்டன் விதிகள்

1843-ஆம் ஆண்டு டேனியல் மக்நாட்டன் என்பவர் பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளர் எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டுக் கொன்றார். சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று அவர் விடுவிக்கப்பட்டதால் எழுந்த எதிர்ப்பையடுத்து, நீதிபதிகள் மக்நாட்டன் விதிகளை வகுத்தனர். மனத்தின் நோயால் தன் செயலின் தன்மையையோ அது தவறு என்பதையோ அறியாதவரே இவ்விதிகளின்படி சித்தசுவாதீனமற்றவர். அதே நூற்றாண்டில் இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்புரோசோ, பிறவிக் குற்றவாளிகளையும் வலிப்பு நோயாளிகளையும் ஒரே வேரிலிருந்து தோன்றியவர்களாகக் காட்டினார். அக்கருத்து பின்னர் கைவிடப்பட்டது.

1961-இல் பிராட்டி வழக்கில் டென்னிங் பிரபு, வன்முறையாக வெளிப்பட்டு மீண்டும் வரக்கூடிய எந்த மனக்கோளாறும் மனத்தின் நோயே என்று கருத்துரைத்தார்.

சலிவன் வழக்கு

1981-இல் சலிவன் என்பவர், வலிப்பின் பிடியில் இருந்தபோது 80 வயது நண்பர் ஒருவரை உதைத்துக் காயப்படுத்தினார். சிறு வயது முதல் வலிப்பு நோய் உடைய அவர் நன்னடத்தை உள்ளவர். தாக்கியது அவர் நினைவில் இல்லை. தன்னியக்க நிலையில் நிகழ்ந்தது என்பது அவரது வாதம். அவ்வாதம் சித்தசுவாதீனமின்மை என்ற வாதமே ஆகும் என்று விசாரணை நீதிபதி கூறினார். அன்றைய சட்டப்படி அத்தீர்ப்புப் பெற்றவரைக் கால வரையறையின்றி மருத்துவமனையில் அடைக்க வேண்டும். அதற்கு அஞ்சிய சலிவன், குறைந்த குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டார்.

1983-இல் பிரபுக்கள் அவை அவரது மேல்முறையீட்டைத் தள்ளியது. வலிப்பு நோயாளிக்கு இப்பெயரைச் சூட்டத் தயக்கம் இருப்பினும், சட்டத்தை மாற்றுவது நீதிமன்றத்தின் கையில் இல்லை என்று டிப்ளாக் பிரபு கூறினார்.

இதற்கு மாறாக, 1973-இல் குவிக் வழக்கில், இன்சுலினால் இரத்தச் சர்க்கரை குறைந்து நினைவிழந்த செவிலியர் ஒருவருடைய தண்டனை நீக்கப்பட்டது. இன்சுலின் வெளியிலிருந்து வந்த காரணம். வலிப்போ உடலுக்குள்ளே இருப்பது. செய்தவரின் எண்ணம் இரு வழக்குகளிலும் ஒன்றுதான்.

பிற்கால மாற்றங்கள்

1991-ஆம் ஆண்டுச் சட்டம், கட்டாய மருத்துவமனை அடைப்புக்குப் பதிலாக, மேற்பார்வை, முழு விடுவிப்பு முதலிய வழிகளையும் நீதிபதிகளுக்கு அளித்தது. ஆனால் சித்தசுவாதீனமற்றவர் என்ற பெயர் நீங்கவில்லை. 2013-இல் இங்கிலாந்தின் சட்ட ஆணையம் அதை நீக்கும் புதிய முறையை முன்வைத்தது.

மக்நாட்டன் விதிகளின் தாக்கம் 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 84-ஆம் பிரிவிலும் இருந்தது. இந்தியத் திருமணச் சட்டங்களிலும் வலிப்பு நோய் சித்தசுவாதீனமின்மைக்கு அருகே வைக்கப்பட்டிருந்தது. 1999-இல் அச்சொல் நீக்கப்பட்டது.