சதாசிவம் தலைமை தாங்கிய மூன்று நாடுகள்

இலங்கை, சிங்கப்பூர், மலேசியா ஆகிய மூன்று நாடுகளின் கிரிக்கெட் அணிகளுக்கும் ஒரே மனிதர் தலைவராக இருந்திருக்கிறார். கொழும்பு வெஸ்லி கல்லூரியில் படித்து, தமிழ் யூனியன் கழகத்துக்கு ஆடிய மகாதேவன் சதாசிவம்தான் அவர். நாடு மாறி ஆடுவதை வீரரின் விசுவாசத்தோடு முடிச்சுப் போடுவது நம் வழக்கம். சதாசிவத்தின் காலத்திலிருந்து இன்றுவரை வரிசையாகப் பார்த்தால், விசுவாசத்தை விட விதிப்புத்தகத்துக்கே இதில் பங்கு அதிகம்.

தமிழ் யூனியன் 1899இல் தோன்றியது. சிங்களவருக்கு எஸ்.எஸ்.சி., ஐரோப்பிய வழிவந்த பறங்கியருக்கு பி.ஆர்.சி., முஸ்லிம்களுக்கு மூர்ஸ் என்று காலனித்துவக் கொழும்பில் கழகங்கள் பெரும்பாலும் இனவாரியாக அமைந்திருந்தன. நாட்டுக்கு ஆடுமுன் வீரர் பெரும்பாலும் ஓர் இனத்துக்கு ஆடியாக வேண்டும். அந்தப் படியில் ஏறித்தான் சதாசிவமும் மேலே வந்தார். 1947இல் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் குவித்தார். 1948 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பு ஓவலில் ஒருநாள் ஆடியபோது இலங்கை அணித் தலைவர் அவரே.

1951இல் மனைவியின் கொலை வழக்கில் கைதான அவர், 1953இல் குற்றமற்றவர் என விடுதலையானார். பிறகு மலாயாப் பக்கம் போனார். அது அந்நிய நிலமல்ல. யாழ்ப்பாணத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே அங்கே ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வேலை பார்த்து வந்தார்கள். தங்கள் விளையாட்டுக் கழகங்களையும் நிறுவியிருந்தார்கள். தடை சொல்ல விதியும் இல்லை. இம்பீரியல் கிரிக்கெட் மாநாட்டில் (இன்றைய ஐ.சி.சி.) அப்போது டெஸ்ட் ஆடும் நாடுகள் மட்டுமே உறுப்பினர்கள். இலங்கை 1965இல்தான் இணை உறுப்பினரானது; மலேசியா 1967இல், சிங்கப்பூர் 1974இல். எதிர்த்திசையிலும் நாடு மாறி ஆடுவது நடந்திருக்கிறது. கோலாலம்பூரில் பிறந்த லால் சிங், 1932இல் லோர்ட்ஸில் இந்தியாவின் முதல் டெஸ்டில் ஆடினார்.

உறுப்புரிமை இல்லாததன் மறுபக்கம் கசப்பானது. காமினி குணசேன கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குத் தலைமை தாங்கினார்; நொட்டிங்ஹாம்ஷயருக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கும் ஆடினார். பம்பலப்பிட்டி புனித பேதுரு கல்லூரியின் கிளைவ் இன்மன் 1965இல் லெஸ்டர்ஷயருக்காக எட்டே நிமிடங்களில் அரைச் சதம் அடித்தார். எதிரணி வேண்டுமென்றே இலகுவான பந்துகளைப் போட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். இவர்களுக்கு டெஸ்ட் வாய்ப்புக் கொடுக்கச் சொந்த நாட்டிடம் டெஸ்ட் அந்தஸ்தே இல்லை.

இன்னொரு நாட்டின் தொப்பியை அணிந்தவர் டேவ் வட்மோர். 1954இல் கொழும்பில் பிறந்தார். 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தை அடுத்துப் பறங்கியர் அலை அலையாக வெளியேறிய காலத்தில், 1962இல், குடும்பம் அவுஸ்திரேலியா சென்றது. அந்நாட்டுக்காக ஏழு டெஸ்ட் ஆடினார். எட்டு வயதில் பெற்றோரோடு போன பையன் எதைத் தெரிவு செய்தான்? பின்னர் 1996இல் உலகக் கிண்ணம் வென்ற இலங்கை அணிக்குப் பயிற்றுவித்தவரும் அவரே.

1983 ஜூலைத் தமிழர் எதிர்ப்புக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பின் வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் புறப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் வேறொரு விளையாட்டில் தலையெடுத்தார்கள். 2012இல் குர்திஸ்தானில் நடந்த விவா உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் தமிழீழம் என்ற பெயரில் புலம்பெயர்ந்த இளைஞர்களின் அணி இறங்கியது. 2014இல் சுவீடனில் கொனிஃபா உலகக் கிண்ணத்திலும் ஆடியது. இவை ஃபிஃபாவின் கணக்கில் வராத போட்டிகள். அங்கே ஆடியவர் பிறகு ஃபிஃபா அங்கீகரித்த நாட்டுக்கு ஆட அதுவே தடையாகாது. விதிகளில் சதாசிவத்துக்கு வாய்த்த அதே இடைவெளி இது.

ஃபிஃபா விதிப்படி, பெற்றோரோ பாட்டன் பாட்டியோ பிறந்த நாட்டின் குடியுரிமை இருந்தால் அந்நாட்டுக்கும் ஆடலாம். இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனம் இந்த வழியைத் தாமதமாகத்தான் பிடித்துக்கொண்டது. லண்டனின் டிலன் டி சில்வா, ஜேர்மனியின் கிளாடியோ கம்மர்க்னெக்ட், சுவீடனின் ஆதவன் ராஜமோகன் என்று வெளிநாடுகளில் வளர்ந்தவர்கள் தேசிய அணிக்குள் வந்தார்கள். 2024 செப்டெம்பரில் ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் கணிசமாக இருந்த அந்த அணி, புனோம் பென்னில் கம்போடியாவைப் பெனால்டி உதைகளில் வென்று அடுத்த சுற்றுக்குப் போனது.