சிவப்பு எரிந்தும் புரியாத எச்சரிக்கை

1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல புத்தளம், கற்பிட்டிக் கரையோரத்தில் தஞ்சமடைந்தன. எங்கள் குடும்பமும் அவற்றில் ஒன்று. விட்டுவந்த காணிகளின் உறுதிகள், பிறப்புச் சான்றிதழ்கள் என எஞ்சிய தாள்களை ஊரில் சிலர் சேர்ந்து ஸ்கான் செய்து ஒரு சிறு சேர்வரில் வைத்திருக்கிறோம். அவற்றின் பிரதியைத் தினமும் வெளியூர்க் கணினிக்கு அனுப்புவது ஒரு பைத்தன் நிரல்.

ஒருமுறை அந்த நிரல் நின்றுபோனது. கண்காணிப்புத் திரையில் சிவப்பும் எரிந்தது. ஆனால் அன்று பொறுப்பிலிருந்த தம்பிக்குத் தெரிந்தது சாய்கோடும் புள்ளியும் நட்சத்திரமும் கலந்த ஒரு வரி மட்டுமே. எது நின்றது என்று விளங்காமல் விட்டுவிட்டார். ஒன்பது நாட்கள் பிரதி போகவில்லை. மூலக் கோப்புகளுக்கு எதுவும் நேராததால் தப்பினோம்.

நாங்கள் பயன்படுத்துவது சைமோன் என்ற கட்டற்ற மென்பொருள். டென்மார்க்கின் ஹென்றிக் ஸ்டோர்னர் உருவாக்கியது. முன்பு இதன் பெயர் ஹொபிட். கண்காணிக்கப்படும் கணினி, தன்னில் ஓடும் நிரல்களின் பட்டியலை வழமையாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும். நாம் கேட்ட நிரல் அதில் இல்லையென்றால் சிவப்பு. பட்டியலே வராமல் நின்றால் ஊதா.

எதைத் தேடுவது என்பதை அனாலிசிஸ் என்ற அமைப்புக் கோப்பில் ‘பிராக்’ என்று தொடங்கும் வரியில் எழுதுகிறோம். பல நிரல்கள் பைத்தனிலேயே ஓடுவதால் ‘பைத்தன்’ என்று மட்டும் தேடினால் போதாது. குறியீடுகள் கொண்ட தேடல் கோவை தேவை. எதுவும் செய்யாவிட்டால் அந்தக் கோவையே திரையிலும் வரும். அதே வரியின் இறுதியில் ‘டெக்ஸ்ட்’ என்ற அமைப்பைச் சேர்த்தால், கோவைக்குப் பதில் நாம் கொடுத்த வாசகம் தெரியும். தேடும் முறை மாறாது.

வாசகத்தில் நிரலின் பெயரை அல்ல, அது செய்யும் வேலையை எழுதுங்கள். எங்கள் திரையில் இப்போது “காணி உறுதிப் பிரதி” என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. அது சிவந்தால் எங்கள் உம்மாவுக்கும் விளங்கும்.

ஒரு எச்சரிக்கை: பச்சை என்றால் நிரல் ஓடுகிறது என்றுதான் பொருள், வேலை முடிந்தது என்றல்ல. கடைசிப் பிரதியின் திகதியையும் தனியாகச் சோதியுங்கள்.