வஹகோட்டையும் நிறக்கண்ணாடிச் சாளரங்களும்

மத்தியகால ஐரோப்பாவில் தேவாலயங்களின் நிறக்கண்ணாடிச் சாளரங்கள், எழுத்தறியா மக்களுக்கு விவிலியக் கதைகளைப் புகட்டின. இருபதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறியது. 1951இல் பிரான்சின் வான்ஸ் நகரில் நிறைவுற்ற சிற்றாலயத்தின் சாளரங்களில் ஹென்றி மத்தீஸ் மனித உருவம் எதனையும் தீட்டவில்லை. நீலம், பச்சை, மஞ்சள் ஆகிய நிறங்களில் இலைவடிவங்களையே அமைத்தார். வெண்சுவரிற் படியும் ஒளியே அங்கு ஓவியமாகின்றது.

கதைச் சித்திரமின்றியும் சமயம் நிலைபெறும் என்பதற்கு மாத்தளை மாவட்டத்து வஹகோட்டை சான்றாகும். கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் குடியமர்த்திய போர்த்துக்கேயரின் வழிவந்தோர் எனப்படும் இவ்வூர்க் கத்தோலிக்கர், கரையோரம் ஒல்லாந்தர் வசமானபின் நெடுங்காலம் குருமாரின்றி வாழ்ந்தனர். புனித அந்தோனியார் பக்தியும் வழிவழிச் செபங்களுமே அவர்களைக் காத்தன.

ஆகவே, இன்று எம் ஆலயங்களுக்குச் சாளரம் சமைப்போர் ஐரோப்பியத் திருமுகங்களைப் படியெடுக்க வேண்டியதில்லை. இந்நாட்டு வெயிலும் இலையுமே போதுமானவை.